எதிர்த்திசையில் வந்த தண்ணீர்

குத்தகை வழக்கில் நிலம் எங்களுக்கே என்று தீர்ப்பான வருடம், நானும் என் கணவரும் முதல்முறையாக நாகூர்ப் பக்கம் ஒரு சிறிய கடற்கரை விடுதியில் தங்கினோம். மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையில் அடக்கம்.

மறுநாள் காலை, விடுதியை ஒட்டி ஆறு கடலில் சேரும் இடத்தில் முழங்கால் அளவே தண்ணீர் இருந்தது. "மேல மதகை அடைச்சிருக்காங்க. சாயந்தரம் வரைக்கும் தண்ணி வராது, வா" என்றார் அவர். முப்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் சொன்னால் நான் மறுத்துப் பேசுவேனா? அக்கரை மணல்திட்டுக்கு நடந்தே போய்க் கிளிஞ்சல் பொறுக்கினோம்.

மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது இடுப்புவரை தண்ணீர். நடு ஆற்றில் என் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. "என்னங்க" என்று அவர் தோளைப் பிடித்தேன், அவரும் தடுமாறினார். படகில் வந்த மீனவர் ஒருவர் பார்த்துவிட்டு, இருவரையும் இழுத்து ஏற்றினார்.

"மதகைத் திறந்துட்டாங்களா?" என்றார் என் கணவர், மூச்சு வாங்கியபடி.

"இங்க தண்ணி மேலேருந்து வராதுங்க. கடல்லேருந்து ஏறும்" என்றார் மீனவர்.

இப்போதெல்லாம் வெளியூரில் தண்ணீரில் கால் வைக்குமுன் உள்ளூர்க்காரரிடம் கேட்கிறோம். கேட்பவர் அவர்தான். பதில் வரும்வரை அவர் கையை நான் விடுவதில்லை.