நடக்கப் போக ஒரு கார்

போன சனிக்கிழமை என் மகள் என்னை ஓட்டத்தில் தோற்கடித்தாள். அவள் ஓடினாள். நான் காரில் இருந்தேன்.

சிரிக்காதீர்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

யாழினிக்கு வயது பதினான்கு. பள்ளி நெட்பால் டீமில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போன வருடத் தேர்வில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கிளினிக்கில் டாக்டர், "எடை கொஞ்சம் கூட. தினமும் ஓடியாடணும்" என்றார். சொன்னது அவளிடம். பார்த்தது என் வயிற்றை!

அன்று முதல் நான்தான் கோச். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பார்க். தினமும் சாயங்காலம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். கேட்டை ஒட்டியே பார்க்கிங் வேண்டாமா? அதற்காக நான் மூன்று ரவுண்டு சுற்றுவேன். உள்ளே அவள் நான்கு ரவுண்டு ஓடுவாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து "கமான், கமான்" என்று உழைப்பேன். களைப்புத் தீர ஆளுக்கொரு ரொட்டி சானாய் — சரி, எனக்கு இரண்டு.

"நடந்தே வரலாம்லப்பா? ரெண்டு தெருதானே லா."

"வேணாம்மா. ஓடறதுக்கு முன்னாடியே டயர்டாயிடுவ."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேர்வு. 'எட்டுக்கு மேல் வந்தால் அடுத்த வருடம்தான்' என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர். ஏழரைக்கே காரை எடுத்தேன். பாதி வழியில் ஒரு லோரி பழுதாகி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஜாம்!

ஏழே முக்கால். கார் நகரவில்லை. யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, நான் இறங்கி ஓடறேன்."

"ஓடறியா? வேர்க்கும்மா... புது ஷூ வேற!"

"ஷூ அதுக்குத்தானேப்பா!"

கதவைத் திறந்தாள், போய்விட்டாள். நடைபாதையில் அவள் குதிரைவால் முடி துள்ளித் துள்ளிச் சின்னதாகி மறைந்தது.

பக்கத்தில் மோட்டார்சைக்கிளில் இருந்த தம்பி எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், உங்க பொண்ணா? சிக்னலையே தாண்டிருச்சு. நீங்க இன்னும் இங்கயே இருக்கீங்க."

தெரியாதா எனக்கு?

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். கேட் பக்கத்தில் பார்க்கிங் இல்லை. இரண்டு ரவுண்டு சுற்றி, எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டுத் திடலுக்கு வந்தேன். யாழினி டீம் ஜெர்சியில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பல்!

"எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்பவே வந்துருச்சு. வார்ம்-அப்கூட வர்ற வழியிலேயே முடிச்சிருச்சு" என்றார் டீச்சர். பிறகு என்னைக் கவலையோடு பார்த்தார். "நீங்களும் ஓடியா வந்தீங்க? இப்படி மூச்சு வாங்குது?"

"இல்லங்க டீச்சர்... பார்க்கிங்லேருந்து நடந்து வந்தேன்."

பிள்ளைகள் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். டியூஷனுக்கு, கடைக்கு, பார்க்குக்கு... பின் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவது யார்?

"திங்கக்கிழமை நாலு மணிக்குப் பிராக்டிஸ்ப்பா" என்றாள் யாழினி.

வாய் சும்மா இருக்குமா? "கவலைப்படாத. அப்பா கார்ல கொண்டுபோய் விடறேன்."

"அப்போ நீங்க ஞாயித்துக்கிழமையே கிளம்பணும்ப்பா!"