ஒரு வருடம் போதும் என்றார்கள்

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் கூடிப் பேசுவது இரண்டு விஷயங்களுக்குத்தான். ஒன்று கலியாணம், மற்றது வளவு எல்லை. கடல் வந்து போன பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. எனக்கு எந்த மென்பொருள் வாங்கித் தருவது என்பது. கூடிப் பேசியவர்களில் ஒருவருக்கும் கணினியை எந்தப் பக்கம் அமத்தினால் உயிர் வரும் என்று தெரியாது. அதை ஒரு குறையாக அவர்கள் நினைக்கவும் இல்லை.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் கீறப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கொரு மென்பொருள் வேண்டும். மாணவர்களுக்கென்று விலை குறைந்த பதிப்பு வருகிறது, கல்முனைக் கடைக்காரரிடம் சொன்னால் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார். என் படிப்பில் அக்கறைப்பட்டுக் குடும்பம் கூடியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடியது ராத்தாவுக்காக.

ராத்தா என் மூத்த சகோதரி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, அதைக் கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்கள் பாடு. வாப்பா சாய்ந்தமருதுக் கரையோரம் ராத்தாவுக்கென்று கட்டி, பூச்சு வேலை மட்டும் மிச்சமிருந்த வீட்டைக் கடல் துடைத்துக்கொண்டு போனது. கலியாணம் அதற்கு முன்பே பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மிகவும் நல்ல மனிதர்கள். பேச்சை முறிக்கவேயில்லை. “வீட்டு வேல எந்தளவில இரிக்கி?” என்று மட்டும் கிழமைக்குக் கிழமை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடலில் போய் மௌத்தானவர்களுக்குக் கத்தம் ஓதி முடிவதற்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊருக்குப் பின்னால் வயலை நிரப்பி வீடு கட்டித் தருவதாக ஒரு வெளிநாட்டு நிறுவனம் சொல்லியிருந்தது. அதில் எங்களுக்கும் ஒன்று. அது எழும்பும்வரை மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் காட்ட ஏதாவது ஒரு வீடு வேண்டும், அதை நான் கணினியில் கட்டவேண்டும். இதுதான் பெரியவர்களின் திட்டம்.

கூட்டம் மாமாவின் வீட்டில் நடந்தது. கடல் எங்களை அந்த வீட்டு முன்னறையில்தான் கொண்டுவந்து விட்டிருந்தது. மாமாவின் வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு; அது மாமியின் வீடு. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் மாமா கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்.

“கள்ள சீடி தெருவுக்குத் தெரு விக்கிறானே, அதில ஒண்ட வாங்கினா என்ன?” என்றார் வாப்பா.

மாமா அந்த வருடம்தான் ஹஜ் செய்துவிட்டு வந்திருந்தார். “அஸ்தஃபிருல்லாஹ்! கள்ள சீடியில கீறின வீட்டில தொழுதாக் கூடுமா மச்சான்?”

அதே மாமா இரவில் படம் பார்த்ததெல்லாம் கள்ள சீடியில்தான். படத்துக்குள் யாரும் தொழப்போவதில்லை, ஆகையால் அது பரவாயில்லை போலும். எப்படியோ, ஹலாலான மென்பொருள் வாங்குவதென்று முடிவாயிற்று. வாப்பாவும் உம்மாவும் மாமாவும் நானுமாகக் கடைக்குப் போனோம். மாப்பிள்ளை பார்க்கக்கூட அவ்வளவு பேர் போனதில்லை.

கடைக்காரப் பொடியன் பொறுமைசாலி. “மாணவர் பதிப்பில ரெண்டு வகை இரிக்கி. ஒண்டு ஒரு வருசத்துக்கு. மத்தது மூணு வருசத்துக்கு. தவணை முடிஞ்சா மறுகா திறக்காது. தங்கச்சிட படிப்பு முடிய இன்னும் காலம் கிடக்குதானே, மூணு வருசத்துக்குள்ளத எடுங்க” என்றார்.

உம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “மூணு வருசமா? வாயக் கழுவுங்க தம்பி!”

கடைக்காரப் பொடியன் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“எண்ட புள்ளைக்கு இன்னும் மூணு வருசத்துக்கு வீடு எழும்பாது எண்டு நாமளே காசு குடுத்து எழுதி வாங்கிறயா?” என்றார் உம்மா. மாமா தலையாட்டினார். “ஓம், சரிதான். இன்ஷா அல்லாஹ் ஒரு வருசத்தில வீடும் முடிஞ்சி கலியாணமும் முடிஞ்சிரும். மிச்ச ரெண்டு வருசத்துக்கு எதக் கீறுற?”

என் படிப்பு என்றொன்று இருப்பதை நான் ஞாபகப்படுத்தினேன். “நீ கொஞ்சம் சும்மா கிட புள்ள” என்றார்கள் இருவரும் ஒரே வாயால். ஒரு வருடத்துக்குரியதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இரவு எல்லாரும் படுத்த பிறகுதான் மாமா வீட்டுக் கணினி எனக்குக் கிடைக்கும். ராத்தா பக்கத்தில் வந்து உட்காருவாள். அவளுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அதுவரை ஒரு மனிதர் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டேன்.

“உம்மாக்கும் வாப்பாக்கும் ஒனக்கும் ஒரு அறை போடு. மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல” என்றாள். நான் முன்பக்கமாகக் காற்று வரும் அறையைப் போட்டேன்.

வீட்டை அலங்கரிக்க மென்பொருளோடு வந்தவை வெள்ளைக்காரர் ஊர்ச் சாமான்கள். மரம் என்றால் ஊசிமரம்தான், தென்னை இல்லை. வாசலில் நிறுத்த மனிதர்கள் இருந்தார்கள், குட்டைக் காற்சட்டை போட்ட பெண்களாக. ஒரு நாயும் இருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, நாயை உடனே எடுக்கச் சொன்னார். பெண்களை எடுக்கச் சொல்லத்தான் கொஞ்சம் தாமதித்தார்.

மாப்பிள்ளையின் உம்மா வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டார், வீட்டைப் பார்த்தார், மகிழ்ந்தார். படத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ‘மாணவர் பதிப்பு, படிப்புக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. “அது கம்பனிட சீல்” என்றார் மாமா, ஹஜ் செய்த வாயால். பிறகு அந்த அம்மா சமைக்க இடம் காணாது என்று குசினியைப் பெரிதாக்கச் சொன்னார். படத்தில் நான் போட்ட முன்னறையைக் காட்டி, “இது ஆருக்கு?” என்றார். உம்மா எனக்கு முந்திக்கொண்டு, “ஆருக்கும் இல்ல, சும்மா போட்ட” என்றார். “அப்ப அத மகன்ட ஒப்பீஸ் அறையா மாத்துங்க.” மாற்றினேன். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கி முற்றத்தில் போட்டிருப்பேன். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள், அதனால் போடவில்லை.

ஒரு வருடத்தில் வீடு எழும்பவில்லை. அந்நாளில் நடந்த யுத்தத்தில் பாதையை மூடினால் சீமெந்து லொறி வராது. பாதை திறந்தால் நிறுவனத்து ஆட்கள் லீவில் போயிருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது நிரப்பிய மண் மழையில் இறங்கி, வயல் மறுபடி வயலாகியிருந்தது. எங்களிடம் கணினி வீடு மட்டும்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார், வீட்டைக் காட்ட. நான் திறந்தேன். தவணை முடிந்துவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மூடித் திறந்தேன். அதே பெட்டி. மாமா திரையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“அப்ப இந்த வீடும் போச்சா?” என்றார் அந்த அம்மா. கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். தேத்தண்ணீரை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். சில கிழமைகளில் மாப்பிள்ளைக்கு அக்கரைப்பற்றில் வேறு இடம் முற்றாகியது. அந்தப் பெண்ணுக்குச் சுற்றுமதிலும் கட்டி முடித்த வீடு இருந்ததாம். மாப்பிள்ளை ராத்தாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குப் படிப்பு இன்னும் மிச்சமிருந்தது. மென்பொருள் மறுபடி வேண்டும். ஆகவே பெரியவர்கள் மறுபடி கூடினார்கள்.

“இந்த முறையும் ஒரு வருசத்துக்கே எடுப்பம். அதுக்குள்ள புள்ளைக்கு நல்ல இடமா ஒண்டு வரும்” என்றார் மாமா. “ஓம், ஓம்” என்றார் உம்மா.

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த ராத்தா அதைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் பேசும்போது அவள் அந்த அறையில் நின்று நான் பார்த்ததில்லை.

“மூணு வருசத்துக்குள்ளதையே எடுங்க மாமா” என்றாள். “அவள் படிச்சி முடிக்கட்டும். எண்ட வீட்ட இனி அதில கீற வேணாம்.”

சொல்லிவிட்டு ஒவ்வொருவருக்கும் கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். மாமா தன் கோப்பையை வாங்கித் தேத்தண்ணீரைக் குடித்தார்.

கடல் வீட்டைக் கொண்டுபோன அன்று உம்மா அழவில்லை. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களே என்று அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொன்னார். ராத்தா கோப்பை கொடுத்த அன்றைக்குத்தான் அழுதார்.