யாரும் பாடாத கேசட்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணாவை அவன் வேலை பார்த்த தொழிற்சாலை பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. நாங்கள் குடியிருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தார் நைலக்ஸ் புடவையும் கைக்கடிகாரமும் வரும் என்று காத்திருந்தார்கள். அவன் கொண்டுவந்தது ஒரு டேப்ரெக்கார்டரும் மூன்று கேசட்டுகளும். ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் ஒரு ஜப்பானியக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் கேட்டார். "எப்போடா பாட ஆரம்பிப்பா?"

"பாட மாட்டாப்பா. வாத்தியம் மட்டும்தான்."

"அதுக்கு எதுக்குடா மூணு கேசட்?"

எனக்கு மூன்றும் வேண்டியிருந்தது. நான் சின்ன வயதிலிருந்து வீணை கற்றவள். கல்யாணச் சந்தைக்காகத்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். மூன்றாவது ஆல்பம் மேடையில் பதிவானது. அதைத்தான் முதலில் கேட்டோம். அதில் தலைதெறிக்க ஓடிய ஒரு மெட்டு, முதல் ஆல்பத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி அடக்க ஒடுக்கமாக இருந்தது. அதே ஆட்கள், அதே மெட்டு. நடுவில் எங்கேயோ பயம் விட்டுப்போயிருந்தது. அண்ணாவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கிடார் ஒன்று சொல்ல, கீபோர்டு அதை மறுத்துப் பேசும். நான் தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்ப்பேன். கணக்கு சரியாக வரும், அடி மட்டும் நான் நினைத்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே விழுந்துவிடும். எனக்கு முதல் ஆல்பம்தான் உசத்தி. பயந்துகொண்டே வாசிப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

என்னை ஸ்ரீரங்கத்தில் கொடுத்தார்கள். அதே சமயம் அண்ணாவுக்கும் வடக்கே மாற்றலாயிற்று. "எல்லாத்தையும் நீயே எடுத்துண்டு போ. அங்க உனக்குப் பேச்சுத்துணை" என்றான்.

புகுந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நல்ல மனுஷர்கள். கூடத்தில் இடமில்லை என்று வீணை பரணுக்குப் போயிற்று. அதையும் அன்பாகத்தான் சொன்னார்கள். மத்தியானம் எல்லோரும் கண்ணயரும்போது சமையலறையில் சத்தத்தைக் குறைத்து வைத்து முதல் ஆல்பத்தைக் கேட்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த நேரம் ஒன்றுதான். என் கணவருக்கு அது தெரியும்.

மார்கழியில் ஒரு நாள் உபன்யாசத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மாமனார் ஆசைப்பட்டார். பாடல் பதிந்து விற்கிற கேசட்டின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கும். அதை அடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதியலாம். என் கணவர் முதல் ஆல்பத்தை எடுத்து, காகிதத்தை மடித்துத் திணித்து, நேர்த்தியாக அடைத்திருந்தார். உபன்யாசத்தைப் பதிந்துகொண்டு அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"அதுல யாருமே பாடலையே. வெறும் மியூசிக்தானே, காலி கேசட் மாதிரி" என்றார்.

கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த மனுஷர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். காபி கலக்கப் போனேன்.

சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். சரணாகதியைப் பற்றிய உபன்யாசம். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மங்களம் சொல்லி முடிந்ததும் கை கூப்பினோம். கேசட்டில் இன்னும் கொஞ்சம் அழியாமல் மிச்சம் இருந்தது. திடீரென்று கீபோர்டு கிளம்பிற்று, பின்னாலேயே கிடார். அந்தப் பக்கத்தின் கடைசி மெட்டு.

"என்னம்மா இது கர்ண கடூரமா? நிறுத்து, காதுல விழுந்த நல்லதெல்லாம் போயிடப் போறது" என்றார் மாமனார்.

டேப்ரெக்கார்டர் என் கணவரின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் நானே நிறுத்தினேன்.