இருநூறு கிராம் பாகு

வெல்லப்பாகு கொதித்து நுரை அடங்கி, அதில் ஏலக்காய் விழுந்ததும் எழுகிற வாசம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுவதில்லை, அம்மாவும் அப்பாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் "கச்சாயம்" சுடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதிரசம் என்பார்கள், அது அவர்கள் இஷ்டம். அம்மா ஈரமாவைக் குண்டாவில் கொட்டி, அதற்கென்றே வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் பாகை விளிம்புவரை மொண்டு ஊற்றுவாள். ஒரு டம்ளர், அவ்வளவுதான்; கிராமும் மில்லியும் அவளுக்கு எதற்கு?

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் சுடுகாட்டில் பால் தெளிக்கப் போனவர்கள் அவசரத்தில் கைக்குக் கிடைத்த அந்த டம்ளரில் பாலை எடுத்துப் போனார்கள்; அது திரும்பி வரவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. "துக்க ஊட்டுல பலகாரம் சுடக்கூடாதுங்க, நாங்க கொண்டாறோம்" என்று பெரியம்மாதான் "தூக்குப்போசி" என்கிற தூக்குவாளி நிறையப் பலகாரம் கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் அப்பாவே கச்சாயம் சுட உட்கார்ந்தார். பவுண்டரியில் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிறவர்; எதையும் எடை போட்டால்தான் நம்புவார். "டம்ளருக்கு டம்ளர் மாறும், தராசு மாறாது" என்பார். அம்மாவின் டம்ளர் இருநூறு மில்லி தண்ணீர் பிடிக்கும் என்று அவருக்கு நினைவிருந்தது. ஆகவே இருநூறு கிராம் பாகை நிறுத்து மாவில் ஊற்றினார். மாவு ஒட்டவேயில்லை. எண்ணெயில் பாதி உதிர்ந்தது, மீதி வறட்டியாக வந்தது. "உங்கம்மா கைக்குத்தான் வரும், கண்ணு" என்று சிரித்தார். அதன்பின் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே இருநூறு கிராம், அதே வறட்டி, அதே பேச்சு. இருவரும் அதைக் காபியில் முக்கி முக்கித் தின்றுகொண்டே அம்மாவைப் பற்றிப் பேசுவோம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அவளைப் பற்றி வாய் திறப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் அடர்த்திப் பாடம் நடந்தபோது எனக்குப் பொறி தட்டியது. தண்ணீரைவிடப் பாகு கனம். இருநூறு கிராம் நிறுத்தால் டம்ளர் முக்கால்தான் நிரம்பும். தீபாவளிக்கு முந்தைய நாள், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதே அளவில் இன்னொரு டம்ளர் தேடியெடுத்துப் பாகை விளிம்புவரை மொண்டேன். நிறுத்துப் பார்த்தால் இருநூற்று எழுபது! ஊற்றிப் பிசைந்து ஊறவைத்தேன்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அப்பாவிடம் முதல் கச்சாயத்தை நீட்டினேன். அச்சு அசல் அம்மா சுட்டது. ஒரு வாய் கடித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏனுங்கப்பா, ஒரே அச்சுல இரும்பு ஊத்துனா ஒரு கனம், அலுமினியம் ஊத்துனா ஒரு கனம் இல்லீங்களா? பாகும் அப்படித்தானுங்க."

"எனக்குத் தெரியாதா கண்ணு? நித்தமும் அதைத்தானே ஊத்தறேன்" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "சரியா வந்துபோட்டா, அவ இல்லாமயே வந்துபோச்சுன்னு ஆயிருமில்ல."

அதோடு எங்கள் வீட்டில் கச்சாயம் நின்றது. தீபாவளிக்குக் கடையிலிருந்து மைசூர்பாகு வந்தது; பேச்சு வரவில்லை.

அப்பாவும் போய்விட்டார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பலகாரம் சுடக்கூடாது என்கிற துக்கமெல்லாம் கிடையாது என்றார்கள். ஆனாலும் அவர் போனபின் வந்த முதல் தீபாவளிக்கு நான் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. இந்த வருடம் சரவணம்பட்டி அடுக்ககத்தில், கணவரும் பிள்ளைகளும் பட்டாசு வெடிக்கக் கீழே இறங்கிய பிறகு அடுப்பை மூட்டினேன். தேனோ பாகோ, மில்லிக்கு எத்தனை கிராம் என்று இப்போது செல்போனே சொல்லிவிடுகிறது. மின்தராசில் பாத்திரத்தை வைத்து முந்தைய நாளே பாகை ஊற்றியிருந்தேன். இருநூறு காட்டியதும் கை தானாக நின்றது. நானும் அதற்கு மேல் ஊற்றவில்லை.

பாதி உதிர்ந்தது. மீதியைக் காபியில் முக்கிக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்தேன். "உங்கம்மா கைக்குத்தான் வரும், கண்ணு" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.