முன்னால் கழுவ வேண்டிய கை

அண்ணி ரிங்லெட்டில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னது அண்ணன் இல்லை, அண்ணியேதான். தானா ராத்தாவில் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போன் செய்தாள். அழவில்லை.

"உங்க அண்ணனுக்கு அந்த எடத்துல புண்ணு. டிரெஸ்ஸரே சொல்லிட்டாரு, எங்கயோ போய் வாங்கிட்டு வந்ததுன்னு. லயத்து வீடுங்க பூரா சிரிக்குது. நான் அங்க எப்படிலா இருக்கிறது?"

டிரெஸ்ஸர் என்பவர் எஸ்டேட் மருந்தகத்தில் மாத்திரை கொடுப்பவர். போனை வைத்ததும், அந்த இடத்தில் தோல் சிவக்க என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று வழக்கம்போல் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். சோப்பு, வியர்வை, ஈரம், பூஞ்சை, சர்க்கரை, ரசாயனம். உறவில் தொற்றும் நோயும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

மறுநாள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் போய் அண்ணனைக் காரில் ஏற்றினேன். தேயிலை மலையில் களைக்கொல்லி அடிக்கிற வேலை அவனுக்கு. காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் "மாப்பிள்ளை நடையப் பாரு" என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கார் புறப்பட்ட பிறகும் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிகிட்ட இதெல்லாம் எப்படி சொல்றது."

"தங்கச்சியா கேக்கல. மருந்துக் கடைக்காரியா கேக்கிறேன். ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லு."

சொன்னான். முதலில் லேசான எரிச்சல், சிவப்பு, அவ்வளவுதான். அழுக்கு என்று நினைத்து, தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவியிருக்கிறான், காலையும் மாலையும். தோல் உரிந்தது. கூட வேலை செய்பவர் ஒரு களிம்பு டியூப் கொடுத்தார். படைக்கும் சொறிக்கும் எல்லாருக்கும் அந்த ஒரே டியூப்தான், கைமாறிக் கைமாறி வரும். அதைப் பூசியதும் அரிப்பு அடங்குவதுபோல் அடங்கி, பிறகு இன்னும் மோசமாகியது. அப்புறம்தான் மருந்தகம்.

"டிரெஸ்ஸர் பாத்தாரா?"

"பாக்கல. உக்காந்த எடத்துல இருந்தே கேட்டாரு, எங்கடா போய் மேஞ்சேன்னு. வரிசையில பொம்பளைங்கல்லாம் நின்னாங்க."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவனுடைய வேலை நாளை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். களைக்கொல்லி மருந்து கலக்கும் தொட்டி சரிவின் அடியில், ரோட்டோரம். குழாயும் அங்கேதான். பம்பை முதுகில் மாட்டி மேலே ஏறிவிட்டால் கீழே இறங்குவது வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குப் பிடிக்காது. கையுறை கொடுக்கிறார்கள், ஓட்டையானால் மாற்றித் தருவதில்லை.

"மேல ஒண்ணுக்கு வந்தா?"

"செடிக்குப் பின்னால போவோம்."

"கை கழுவுறது?"

"பெறகு கீழ எறங்குறப்போ கழுவுவோம். சாப்பிடணும்ல."

"போறதுக்கு முன்னாடி?"

அண்ணன் முதல் முறையாக என் பக்கம் திரும்பினான். "முன்னாடி எதுக்கு? அது என் ஒடம்புதானே. அதுவா அசுத்தம்?"

மருந்தடிக்கும் ஆண்கள் எல்லாரும் அப்படித்தானாம். உடம்பைத் தொட்டால் கை அழுக்காகும் என்று தெரியும். கையிலிருக்கும் மருந்து உடம்பின் மிக மெல்லிய தோலைச் சுடும் என்று யாரும் சொன்னதில்லை. குழாயைச் சரிவுக்கு அடியில் வைத்த நிர்வாகமும் அதை யோசிக்கவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் கதவைச் சாத்தி, பார்த்து, சர்க்கரைக்கும் தொற்றுக்கும் சோதித்தார். இரண்டும் இல்லை. மருந்து பட்டு எரிந்த தோல், அதன்மேல் கிருமிநாசினி, அதன்மேல் டியூப். அவர் சொன்னது மிகச் சாதாரணம். தினம் ஒருமுறை வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, ஒற்றி உலர்த்தி, மறக்காமல் பழையபடி விட வேண்டும். சோப்பு வேண்டாம், தேய்க்க வேண்டாம், டியூப்பைத் தூக்கி எறியணும். தளர்வான பருத்தி உள்ளாடை. வாசனை இல்லாத வாசலின் கொஞ்சம். ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, சீழ், வீக்கம், சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ, முன்தோல் பின்னால் மாட்டிக்கொண்டாலோ உடனே வரணும். இவ்வளவுதான். இதைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டார்களே.

அங்கிருந்து நேராக ரிங்லெட். அண்ணி வாசலிலேயே நின்றாள். நான் பேச வாயெடுத்தேன், அண்ணன் தடுத்தான். தானே சொன்னான், தலையைக் குனிந்தபடி, மருந்து, கை, கிருமிநாசினி என்று திக்கித் திக்கி. அண்ணி கடைசிவரை கேட்டாள்.

"டிரெஸ்ஸர் பாத்துட்டுத்தானே சொன்னாரு?"

"பாக்கவே இல்ல."

அண்ணி உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும், வீட்டுக்கு வேண்டாம், மருந்தகத்தில் நிறுத்து என்றாள். அன்றும் அங்கே வரிசை நின்றது. அவள் வரிசையைத் தாண்டி மேசை முன்னால் போனாள்.

"சார், பாக்காமலே என் புருஷனுக்கு என்ன வியாதின்னு எப்படி சொன்னீங்க?"

டிரெஸ்ஸர் எங்களைப் பார்த்தார். "சும்மா ஜோக்குலா. இதுக்குப் போயி."

"அந்த ஜோக்குலதான் நான் வீட்ட விட்டுப் போனேன். இவங்க முன்னாலதானே சொன்னீங்க? டாக்டர் பாத்தாரு, மருந்து பட்ட புண்ணுதான்னாரு. அதையும் இவங்க முன்னாலயே சொல்லுங்க."

அவர் முனகலாகச் சொன்னார். அண்ணி "கேக்கல" என்றாள். இன்னொரு முறை சொன்னார்.

அண்ணனுக்கு ஆறிவிட்டது. இப்போது மலையேறும்போது இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு போகிறான், அண்ணி நிரப்பிக் கொடுப்பது. மேலே ஒரு பீப்பாய்த் தண்ணீர் வைக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றார். குழாய் இன்னும் சரிவின் அடியில்தான் இருக்கிறது.