கூட்டத்துக்குப் போகாத மெம்பர்

வீரணன் ஏழு வருஷம் பஞ்சாயத்து மெம்பராக இருந்தார். அந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆபீசுப் படி ஏறியதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், அவர் தெருவுக்கென்று ஒரு வார்டை சர்க்கார் ஒதுக்கியிருந்தது. அறுபத்தைந்தில் பஞ்சாயத்துத் தலைவர் தன் பருத்திக் காட்டில் வேலை செய்த வீரணனைப் பிடித்து நிறுத்தினார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

கூட்டம்தான் வீரணனைத் தேடி வரும். கிளார்க்கு ஐயாத்துரை தீர்மானப் புத்தகத்தையும் மை டப்பாவையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு காட்டுக்கு வருவார். வரப்பில் நின்றபடியே புத்தகத்தை நீட்டுவார்.

"மெம்பரு, ரேகைய வையி."

"என்ன தீர்மானம் சாமி?"

"தெருவெளக்கு."

"எங்க தெருவுக்கா?"

"ஒந் தெருவுக்குத்தான் நெலா இருக்குல்ல. வையிலே."

வீரணன் சிரித்துக்கொண்டே விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வைப்பார். அன்றைக்குச் சோறு போடும்போது மனைவி அழகுத்தாய், "மெம்பரு கையக் கழுவிட்டு வரட்டும், கஞ்சியெல்லாம் மையாகிப் போகும்" என்பாள். அந்தக் கேலி அவருக்குப் பிடிக்கும்.

மகன் இன்பராஜ் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. அரசியல் படித்தான். அந்தப் பாடத்தில்தான் இடம் இருந்தது. போன பிறகு அதிலேயே ஊறிப்போனான். எழுபத்திரண்டில் ஒரு சனிக்கிழமை அவனுடைய விரிவுரையாளர் பொன்ராஜ் வீட்டுக்கு வந்தார். பாளையம்பட்டிக் கடைக்காரக் குடும்பம், முப்பது வயதுகூட இருக்காது. சாக்கில் உட்கார்ந்து, அழகுத்தாய் தயங்கித் தயங்கிக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"பெரியவரே, இவன் டெல்லிக்குப் போகணும். எம்.ஏ., அப்புறம் ஆராய்ச்சி. டாக்டர் பட்டம் வரைக்கும் போகலாம். உதவித்தொகை உண்டு."

பெரியவரே என்று கூப்பிட்டதில் வீரணனுக்கு உடம்பு கூசியது. "அம்புட்டும் படிச்சா என்ன வேலை சாமி?"

"வாத்தியார் வேலைதான். ஆனா எனக்கே வாத்தியாரா வருவான். நான் எந்திரிச்சு நிக்கணும்."

"அய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீக."

"பஞ்சாயத்தப் பத்திப் புஸ்தகம் எழுதினவுக எல்லாம் உள்ள நாற்காலியில இருந்தவுக. வெளிய நின்னவுக ஒருத்தரும் எழுதல. இவன் எழுதணும்."

விண்ணப்பத்தோடு முப்பது பக்கத்தில் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும், கல்லூரி முதல்வரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும் என்றார். கட்டுரையை இன்பராஜ் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தான்.

"ஏலே, நம்ம பஞ்சாயத்தப் பத்தியா? அதுல நான் வாரேனா?" என்று வீரணன் கேட்டார்.

"வாரீகய்யா. பேரு போடல."

"போட்டா என்ன? மெம்பருதான?"

இன்பராஜ் குனிந்து காப்பிக் கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கட்டுரைக்குக் கூட்டத் தேதிகள் வேண்டியிருந்தன. அவன் ஆபீசு வாசலில் நின்று தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். எதற்கு என்று ஐயாத்துரை கேட்டபோது உள்ளதைச் சொன்னான். புத்தகம் தலைவர் வீட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது.

நாலு நாள் கழித்து ஐயாத்துரை காட்டுக்கு வந்தார். புத்தகத்துக்கு நடுவே ஒரு தனித்தாள் இருந்தது.

"இது என்ன சாமி, ஒத்தத் தாளா இருக்கு?"

"ஒம் மகன் டெல்லிக்குப் போறான்ல? பஞ்சாயத்து சார்பா நல்லபடியா எழுதிக் குடுக்கோம். தகப்பன் ரேகையும் வேணுமாம்."

வீரணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். வாய்க்காலில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தார். முதல் ரேகை மங்கலாக விழுந்த மாதிரி இருந்தது. "இன்னொண்ணு வச்சிரட்டா சாமி? தெளிவா இருக்கட்டும்" என்று கேட்டுப் பக்கத்திலேயே அழுத்தி வைத்தார்.

அடுத்த வாரம் இன்பராஜ் மதுரையிலிருந்து பாதி நாளில் திரும்பி வந்தான். கையில், பஞ்சாயத்திலிருந்து முதல்வருக்கு வந்த தாளின் நகல். நின்றபடியே வாசித்தான். 'நான் மாதந்தோறும் கூட்டத்திற்குச் சென்று, மற்ற உறுப்பினர்களுக்குச் சமமாக நாற்காலியில் அமர்ந்து, தீர்மானங்களைக் கேட்டறிந்து சம்மதம் அளித்து வருகிறேன். என் மகன் எழுதியிருப்பது முழுப் பொய். ஆசிரியரின் தூண்டுதலால் ஊருக்கு அவப்பெயர் உண்டாக்குகிறான்.'

"இதுல இருக்கது ஒங்க ரேகையாய்யா?"

வீரணன் தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் என்னதுதான்."

அழகுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். இன்பராஜ் சத்தம் போடவில்லை. "முதல்வர் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. நீங்க வந்து, ஏமாத்தி வாங்கிட்டாக, நான் கூட்டத்துக்கே போனதில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு பொன்ராஜ் சார் சொல்றாரு. நாளைக்குத்தான் கடைசி."

"வாரேன் ராசா. எங்க வேணாலும் வாரேன்."

விடிந்ததும் கிளம்பினார்கள். பஸ்ஸை நிறுத்த இன்பராஜ் முன்னால் ஓடினான். ஐயாத்துரை சைக்கிளில் வந்து வீரணன் பக்கத்தில் காலூன்றினார்.

"சொல்லப்போறியோ? சொல்லு. ஏழு வருசமும் பொய் ரேகை வச்சவன் யாரு? நீயி. சர்க்கார் புத்தகத்துல பொய் ரேகை வச்சா செயிலு. மகனையும் சேத்து இழுப்பாக. படிக்கப் போறவனுக்குப் போலீசு கேசு இருந்தா டெல்லியில எடம் குடுப்பாகளாலே?"

ஐயாத்துரை சொன்னதை மதுரை வரைக்கும் வீரணன் மகனிடம் சொல்லவில்லை.

முதல்வர் அறையில் பொன்ராஜும் இருந்தார். முதல்வர் நிதானமாகத்தான் கேட்டார். "கூட்டத்துக்குப் போவீங்களா, மாட்டீங்களா?"

வீரணன் மகனைப் பார்த்தார். அவன் வெளுத்த சட்டை போட்டிருந்தான், அழகுத்தாய் ராத்திரியே துவைத்துக் காயப்போட்டது.

"போவேன் சாமி. மாசாமாசம் போவேன்."

"பெரியவரே!" என்றார் பொன்ராஜ்.

"நாற்காலியில உக்காருவீங்களா?"

"உக்காருவேன் சாமி."

"அப்ப இதுல உக்காருங்க" என்று முதல்வர் எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

வீரணன் அதன் அருகே போனார். அதன் சாய்மானத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் தரையில் குந்தினார்.

அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பொன்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுத்துல இருக்கு. வாயாலயும் சொல்லிட்டாரு. ஊர் வழக்கை நான் எப்படிக் கல்லூரிக்குள்ள கொண்டுவர?" என்றார். சிபாரிசுத் தாள் மேசையிலேயே கிடந்தது.

கீழே வந்ததும் வீரணன், "கேசு வரும்னாக ராசா. ஒன்னைய இழுப்பாகன்னாக" என்றார்.

"தெரியும்யா. வாங்க, பஸ்ஸு வந்திரும்."

அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம் என்று பொன்ராஜ் இரண்டு தடவை ஊருக்கு வந்து சொன்னார். இன்பராஜ் கேட்டுக்கொண்டான். மூன்றாம் தடவை அவர் வந்தபோது அவன் தூத்துக்குடிக்குப் போயிருந்தான், ஒரு உப்புக் கம்பெனியில் ஆபீசு வேலைக்கு.

வீரணன் அதற்குப் பிறகு ரேகை வைக்கவில்லை. தலைவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பருத்திக் காட்டு வேலையும் போனது. கூலிக்கு எம்.ரெட்டியபட்டியைத் தாண்டியும் நடந்தார்.

மாதம் ஒரு கார்டு வந்தது. தபால்காரர் சங்கையா தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி வாசிப்பார். நலம். நலமறிய ஆவல். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும். வெயிலில் அலைய வேண்டாம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"திட்டி ஏதும் எழுதியிருக்கானா? நல்லாப் பாருங்க."

"திட்டியா? எதுக்குய்யா திட்டணும்? தங்கமான பிள்ளை."

"முப்பது பக்கம் எழுதினவன் சாமி அவன்" என்றார் வீரணன். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விலாசத்துக்குப் பக்கத்திலேயே நாலு வரியும் அடங்கியிருந்தன. பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.