குளித்த அடுப்பு

வெளியூரிலிருந்து வீடு வாங்க வருகிறவர்கள் கூடவே ஓர் ஆளையும் கூட்டி வருவார்கள். அவன் கூரையில் ஏறுவான், பரணில் தவழ்வான், புகைபோக்கிக்குள் தலையை விட்டு டார்ச் அடிப்பான். உள்ளூர்க்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள், கை குலுக்குவார்கள், அதோடு வியாபாரம் முடிந்தது. அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் அந்தக் கிழக்குக் கோடியில், ஆள் வைத்துச் சோதிப்பதும் விற்கிறவன் முகத்துக்கு நேரே ‘நீ திருடன்’ என்பதும் ஒன்றுதான்.

கார்லீன் ப்ளாஞ்சர்ட் ஆளைக் கூட்டிப் போகவில்லை. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

உள்ளூர்க்காரன் எல்டனைக் கட்டிக்கொண்டு பென்சில்வேனியாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்டன் காட்டில் மரம் வெட்டினான். இவள் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தாள். இன்றைக்கு ஊரில் மீசை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற பாதிப்பேர் இவள் கையால் சூப் வாங்கிக் குடித்தவர்கள்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் பாத்திரம் இவளுடையதாக இருக்கும். அப்படியும் என்ன? தேவாலயத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து என்றால், மற்றப் பெண்களெல்லாம் அவரவர் பானையில் ராத்திரி முழுக்க வேகவைத்த பீன்ஸ் பயறு கொண்டுவருவார்கள். கார்லீனைக் கோஸ் நறுக்கிக் கொண்டுவரச் சொல்வார்கள். முப்பது வருஷமும் கோஸ்தான். ஒரு தடவைகூட, ‘நீயும் ஒரு பானை வச்சுப் பாரேன்’ என்று ஒருத்தி சொன்னதில்லை.

இங்கேயே பிறந்தால்தான் ஊர்க்காரி. வந்தவள் வந்தவள்தான். மகன் பிறந்த சமயத்தில் கார்லீன், “எம் பிள்ளையாவது உங்க ஊர்க்காரன்தானே?” என்று மாமியாரிடம் விளையாட்டாகக் கேட்டாள்.

“ரொட்டி சுடுற அடுப்புக்குள்ள பூனை குட்டி போட்டா, அந்தக் குட்டியைப் பிஸ்கட்டுன்னா சொல்லுவோம்?” என்றாள் மாமியார். வீடே சிரித்தது. கார்லீனும் சேர்ந்து சிரித்தாள். அந்தக் குட்டி வளர்ந்து டெக்ஸாஸுக்குப் போய் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போன் வரும்.

எல்டன் செத்துப்போன பிறகு, அவன் அண்ணனுடைய நிலத்தில் நின்றிருந்த டிரெய்லர் வீட்டில் அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. “நீ எப்ப வேணாலும் காலி பண்ணலாம், அவசரமே இல்ல,” என்று அண்ணன் வாரத்துக்கொரு முறை சொல்லிவிட்டுப் போனான். பென்சில்வேனியாவிலிருந்து தங்கை போன் செய்து, “இனிமே அங்க உனக்கு யாரு இருக்காங்க? பேசாம இங்க வந்துடுக்கா,” என்றாள்.

“யாரு இருக்காங்களா? ஊரே இருக்குடி,” என்றாள் கார்லீன். கோபமாகத்தான் சொன்னாள். அதை நிரூபிக்கத்தான் உள்ளூர்க்காரர் லீலண்ட் பிராகின் வீட்டை வாங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூலையில் வீட்டைப் பார்க்கப் போனபோது உள்ளூர்த் தோழி மேவிஸும் கூட வந்தாள். சின்ன வீடு. நடுக்கூடத்தில், வீட்டைச் சூடாக்குகிற வார்ப்பிரும்பு விறகடுப்பு, புதுச் செருப்பு மாதிரி கறுப்பாக மின்னியது. கோடையில் அடுப்புக்கு மெருகு பூசுகிறவன் எவன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என்ன சுத்தமான மனுஷன் என்றுதான் தோன்றியது. வெயில் கொளுத்தும்போது, ‘கொஞ்சம் எரிச்சுக் காட்டுங்க’ என்று கேட்க வாயும் வரவில்லை. கேட்டால் வெளியூர்க்காரி புத்தி என்று சொல்லிவிடுவார்களே!

“நல்லா எரியுமா, லீலண்ட்?”

“இந்த அடுப்பு இல்லாட்டி நாங்க எப்பவோ விறைச்சுச் செத்திருப்போம்,” என்றார் லீலண்ட். “கொட்டகை நிறைய காய்ஞ்ச விறகு கிடக்கு. அதுவும் உனக்குத்தான், போ.”

மேவிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்லீன் கை குலுக்கினாள். ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்’ என்று கையெழுத்தும் போட்டாள். லீலண்ட், நோயாளி மனைவியோடு பாங்கர் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். குடிபோன அன்று ஊரே பலகாரத்தோடு வந்தது. மேவிஸ் மட்டும் பலகாரத்தோடு வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டியும் கொண்டுவந்தாள். விஷப்புகை வந்தால் கத்துகிற பெட்டி. அவளே நாற்காலி போட்டு ஏறி, படுக்கையறை வாசலில் திருகி மாட்டினாள்.

“எதுக்குடி இதெல்லாம்? செலவு.”

“இருக்கட்டும். தனியா இருக்கிறவ. சும்மா மாட்டி வை.”

இப்படி ஒருத்தி நமக்கு இருக்கிறாளே என்று கார்லீனுக்குக் கண் கலங்கியது.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த அன்று அடுப்பைப் பற்ற வைத்தாள். கட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது. காலை நீட்டிச் சூடு காய்ந்தபடி, தன் வீட்டில் தன் நெருப்பு என்று நினைத்தாள். அந்தச் சுகம் கொஞ்ச நேரம்தான். அடுப்புக்குப் பின்னாலிருந்து ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. தலை கனத்தது. தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று எழுந்தாள், கால் நிற்கவில்லை. அப்போது வெள்ளைப் பெட்டி வீல் என்று கத்தத் தொடங்கியது. கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் போய் விழுந்தாள். அங்கேயே வாந்தி எடுத்தாள்.

பக்கத்து டவுனிலிருந்து புகைபோக்கி ஆள் வந்தான். அடுப்பின் பின்பக்கத் தகட்டுக் கவசத்தைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினான். பின்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. விரல் நுழையும். பிளவில் அடுப்புச் சிமெண்டை அப்பி, மேலே மெருகைப் பூசியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு இவ்வளவு நல்ல உதாரணம் கிடைக்காது.

“மேல இருக்கிற சிமெண்டு இந்தக் கோடையில வச்சது, அதுக்கு முன்னாடியும் பல தடவ அப்பி ஓட்டியிருக்காங்க. விரிசல் ரொம்பப் பழசு, உள்ள கரி ஏறியிருக்கு பாருங்க. இதை ஒட்டவைக்க முடியாது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க,” என்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “வாங்கறதுக்கு முன்னாடி யாரையும் வச்சுப் பாக்கலையா? நீங்க இந்த ஊர் இல்லையா?”

“இந்த ஊருதான்,” என்றாள் கார்லீன்.

பாங்கருக்குப் போன் செய்தாள். “என்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சுது,” என்றார் லீலண்ட். “உள்ளது உள்ளபடின்னு நீதானே கையெழுத்துப் போட்ட, கார்லீன்?” பிறகு, அங்கே பனி விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன்னைக் கொல்லப் பார்த்தவனின் மானத்தை இவள் காப்பாற்றினாள்! வீடு விற்றவனைப் பற்றி வெளியே புறம் பேசக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஊர்க்காரி என்றால் வழக்கத்தைக் காக்க வேண்டாமா? ஒருத்தன் அயோக்கியனாக இருந்தால் ஊர் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேவிஸிடம்கூட, “அடுப்பு பழசாயிடுச்சு, மாத்தப் போறேன்,” என்றுதான் சொன்னாள்.

“நல்லது தங்கம். பனி இறங்குறதுக்குள்ள மாத்திடு,” என்றாள் மேவிஸ். ஏன், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பல் கட்டிக்கொள்ள வைத்திருந்த பணம் புது அடுப்பாக வந்து இறங்கியது. கடை ஆட்கள் அதைப் பொருத்திவிட்டு, பழையதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சாலையோரம் கொண்டுபோய் வைத்தார்கள். வேண்டாத சாமானைச் சாலையோரம் வைத்து அட்டையில் ‘இலவசம்’ என்று எழுதிவிட்டால் பொழுது சாய்வதற்குள் எவனாவது தூக்கிப் போய்விடுவான். கார்லீனும் எழுதி வைத்தாள். வைத்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. எவனாவது இளவட்டம் கொண்டுபோய் வேட்டைக் குடிசையில் எரித்து, காலையில் பிணமாகக் கிடந்தால்? ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள்.

ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவன் டிராவிஸ், ஒரு காலத்தில் இவளிடம் இரண்டாவது கரண்டி மக்ரோனி கேட்டு நின்ற பையன். கார்லீன் கோட்டுகூடப் போடாமல் ஓடினாள்.

“வேண்டாம்ப்பா! எரிக்கிறதுக்கு எடுக்காதே. பின்னாடி வெடிச்சிருக்கு. ஆளையே கொன்னுடும்.”

டிராவிஸ் சிரித்தான். “தெரியும், மிசஸ் ப்ளாஞ்சர்ட். நான் பழைய இரும்புக்குப் போடத்தான் எடுக்குறேன். லீலண்ட் குளிப்பாட்டின அடுப்புல்ல இது!”

“குளிப்பாட்டினதா?”

“அட, உங்களுக்குத் தெரியாதா? நல்லா எரிஞ்சிட்டிருக்கும்போது கை தவறி ஒரு அண்டா பச்சைத் தண்ணிய அது மேல கவுத்துட்டாரு. டமார்னு வெடிச்சுது. எங்கப்பா அப்ப அங்கதான் உக்காந்திருந்தாரு. நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன்.”

கார்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்க் கடையில் லீலண்ட் நுழையும்போதெல்லாம் எவனாவது, “என்ன லீலண்ட், அடுப்புக்குக் குளியல் ஆச்சா?” என்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கார்லீனும் சிரிப்பாள். எத்தனையோ குளிர்காலமாக, என்னவென்றே தெரியாமல் சிரித்திருக்கிறாள். என்னவென்று கேட்டால் ஊர்க்கதை தெரியாதவள் என்று ஆகிவிடுமே என்று கேட்டதே இல்லை.

“அப்ப எல்லாருக்கும் தெரியும்,” என்றாள்.

டிராவிஸின் சிரிப்பு அடங்கியது. “நீங்க வாங்கப் போறீங்கன்னதும் கடையில பேச்சு வந்துச்சு. உங்ககிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு. மேவிஸ்தான், ‘ரெண்டு பேருக்கும் நடுவுல நாம போக வேண்டாம்’னு...” அவளைப் பார்க்காமலே அடுப்பைக் கயிறு போட்டு வண்டியில் ஏற்றினான்.

மறுநாள் மேவிஸ் ஒரு தட்டில் ஆப்பிள் பலகாரத்தோடு வந்தாள். புது அடுப்பைச் சுற்றிவந்து பாராட்டினாள். அதன் அருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“லீலண்ட் அடுப்பைக் குளிப்பாட்டின கதை உனக்குத் தெரியுமா, மேவிஸ்?”

மேவிஸ் பலகாரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் அவளைப் பாராட்டலாம். “தெரியும்.”

“தெரிஞ்சுதான் எங்கூட வந்து நின்னியா?”

“அவன் என்ன பண்ணுவான் கார்லீன்? பொண்டாட்டிக்கு டயாலிசிஸ். குளிருக்குள்ள வித்தாகணும். எனக்குச் சித்தப்பா மகன் வேற. உன்கிட்டயாவது எல்டனோட இன்ஷூரன்ஸ் பணம் இருந்துச்சு.”

“நான் செத்திருப்பேன்டி.”

“சாக விட்டுடுவேனா? அதுக்குத்தானே அந்தப் பெட்டிய வாங்கி மாட்டினேன்.”

கார்லீன் படுக்கையறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு வெடித்ததை விட, ஊர் சிரித்ததை விட, இதுதான் நெஞ்சைப் பிளந்தது. மேவிஸ் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். சொல்லிவிடலாமா, பெட்டி வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று நிறுத்துப் பார்த்து, பெட்டி போதும் என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

“என் இடத்துல உங்க ஆளு ஒருத்தி வாங்கியிருந்தா?” என்று கேட்டாள்.

மேவிஸ் யோசித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தெரிந்த கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள்: “எங்க ஆளுங்கன்னா, அவனே சொல்லிட்டுத்தான் வித்திருப்பான்.”

எழுந்து போ என்று சொல்ல வாயெடுத்தாள் கார்லீன். ஜன்னலுக்கு வெளியே வானம் ஈயம் பூசினாற்போல் தாழ்ந்து கிடந்தது. வாசலிலிருந்து பெரிய சாலைக்கு நீளமான மண்பாதை. பனி இடுப்பளவு விழுந்தால் அதைத் தள்ளி வழிவிட இந்தப் பக்கத்தில் கலப்பை வண்டி வைத்திருப்பவன் மேவிஸின் புருஷன் ரெஜி ஒருவன்தான். வழி அடைத்துக்கொண்டால் டாக்டர் வர முடியாது, மளிகை வர முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் யார் வாங்குவார்கள்? தன்னைப் போல வெளியூரிலிருந்து வருகிற இன்னொரு முட்டாள் வர வேண்டும்.

மேவிஸ் கிளம்பும்போது கையுறையை மாட்டிக்கொண்டே, “ரேடியோவுல பனிப்புயல்ங்கிறான். ரெஜிய அனுப்பட்டுமா?” என்றாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

“அனுப்பு மேவிஸ்,” என்றாள் கார்லீன். “உனக்குப் புண்ணியமாப் போகும், என் பாதையைக் கொஞ்சம் முதல்ல தள்ளிவிடச் சொல்லு.”

சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்த தட்டைக் கழுவித் துடைத்து, அவள் கையில் கொடுத்து அனுப்பினாள்.